‘நிறுத்து’ பொத்தானுக்குப் பின்னால்: பின்னணித் திரெட்டைப் பாதுகாப்பாக நிறுத்த முழுமையான வழிகாட்டி

தெரிந்தவர் ஒருவரின் போட்டோ ஸ்டூடியோவுக்காக ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்தேன். கல்யாண ஆல்பத்துக்கான நாலாயிரம் படங்களை ஒரு கோப்புறையிலிருந்து எடுத்து, அளவைச் சுருக்கி, இன்னொரு கோப்புறையில் போட வேண்டும். ‘தொடங்கு’, ‘நிறுத்து’ என்று இரண்டே பொத்தான்கள். பைத்தானும், அதில் சாளரமும் பொத்தான்களும் வரைய உதவும் டிகின்டரும் போதும் என்று ஒரே மாலையில் முடித்துவிட்டேன். தொடங்கு என்பதில் ஒரு தொல்லையும் வரவில்லை. நிறுத்து என்பதைச் சரிசெய்யத்தான் மூன்று வாரம் ஆனது.

முதல் பதிப்பில் நிறுத்து பொத்தானை அழுத்தியதும் சாளரம் வெளுத்துப்போய், தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று வந்தது. இரண்டாம் பதிப்பில் சாளரம் அழகாக மூடியது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் நிரல் உயிரோடு உட்கார்ந்து படங்களைச் சுருக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் பதிப்பு உடனே நின்றது. அடுத்த நாள் ஸ்டூடியோக்காரர் ஒரு படத்தைத் திறந்து காட்டினார்: மணமக்களின் முகம் வரை இருக்கிறது, மாலைக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

மூன்றும் வெவ்வேறு பிழைகள். ஆனால் வேர் ஒன்று. ‘நிறுத்து’ என்பதை ஒரே செயல் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அதில் மூன்று கணங்கள் இருக்கின்றன: நிற்கும்படி நாம் கேட்கும் கணம், அதைத் திரெட் (ஒரே நிரலுக்குள் மற்ற வேலைகளோடு இணையாக ஓடும் தனி வேலைத் தொடர்) கவனிக்கும் கணம், அது முழுவதுமாக நின்றுவிட்டது என்று நமக்குத் தெரியும் கணம். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் எல்லா வழுக்களும் பிறக்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு படியும் இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும் வேலைதான்.

ஒரு குறிப்பு. திரெட்டுக்கு ‘இழை’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் பேச்சில் எல்லோரும் திரெட் என்றே சொல்வதால் அதையே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுக்கப் பைத்தான், டிகின்டர். மற்ற மொழிக்காரர்களுக்குப் பின்னால் ஒரு பகுதி உண்டு.

முதலில்: கொல்லும் வழியை மறந்துவிடுங்கள்

‘ஓடுகிற திரெட்டைக் கொல்ல ஒரு கட்டளை இருக்காதா?’ என்று தேடாதவர்கள் கிடையாது. இருந்தது. ஜாவாவில் திரெட்.ஸ்டாப் என்று ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1998இல் வந்த ஜாவா 1.2 அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கியது. 2023இல் வந்த ஜாவா 20இல் அதை அழைத்தால் பிழைதான் திரும்பி வரும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் இருந்த திரெட்.அபார்ட் பழைய ஃப்ரேம்வொர்க்கோடு நின்றுவிட்டது. டாட்நெட் கோரில் அழைத்தால் ‘இந்தத் தளத்தில் ஆதரவில்லை’ என்று முகத்தில் அடிக்கிறது. பைத்தானின் திரெடிங் தொகுப்பில் அப்படி ஒன்றை வைக்கவே இல்லை. தனித்தனியாகக் கட்டப்பட்ட மொழிகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன என்றால் காரணம் வலுவாகத்தான் இருக்க வேண்டும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள விண்டோஸின் டெர்மினேட்திரெட் என்ற செயற்கூற்றைப் பாருங்கள். அது இன்னும் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது: கொல்லப்படும் திரெட் ஒரு பூட்டை (ஒரே தரவை இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் தொடாமல் தடுப்பது) கையில் வைத்திருந்தால் அந்தப் பூட்டு திறக்கப்படாது, அது நினைவகம் ஒதுக்கிக்கொண்டிருந்த நேரமாக இருந்தால் நினைவகத்தைப் பங்கிடும் ஹீப்பின் பூட்டும் திறக்கப்படாது. அதாவது, வீட்டுக்குள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர் மாயமாகிவிட்டார். தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. அடுத்து உங்கள் முதன்மைத் திரெட் ஒரு சின்ன எழுத்துச் சரத்துக்காக நினைவகம் கேட்கும். கதவு திறக்கும் வரை காத்திருக்கும். அது திறக்கவே திறக்காது. இந்த விபத்து எப்போதாவதுதான் நிகழும் என்பது இன்னும் மோசம். உங்கள் கணினியில் நூறு முறை ஓட்டினாலும் வராமல், வாடிக்கையாளரின் கணினியில் முதல் நாளே வரும்.

பைத்தானில் சி நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக இன்னொரு திரெட்டுக்குள் விதிவிலக்கு (வேலையை முறிக்கும் பிழை) ஒன்றைத் திணிக்கும் தந்திரம் இணையத்தில் உலவுகிறது. நானும் முயன்றிருக்கிறேன். திணித்த விதிவிலக்கு, அந்தத் திரெட் அடுத்த பைத்தான் கட்டளைக்கு வரும்போதுதான் எழும். நெட்வொர்க்கிலிருந்து தரவு வரக் காத்துக்கொண்டிருந்தால் தரவு வரும் வரை ஒன்றும் நடக்காது. அதாவது, எப்போது உங்களுக்கு அது தேவையோ அப்போதுதான் அது உதவாது. போதாக்குறைக்கு, எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடிச் சுத்தம் செய்யும் ஃபைனலி பகுதிக்கு நடுவிலும் அது எழலாம். வேண்டாம்.

ஆகவே திரெட்டை நாம் நிறுத்துவதில்லை. நிற்கச் சொல்கிறோம், அது தானாக நிற்கிறது.

படி 1: யார் எதைத் தொடலாம் என்று வகுத்துக்கொள்ளுங்கள்

சாளரம், பொத்தான், முன்னேற்றப் பட்டை எல்லாவற்றையும் முதன்மைத் திரெட் மட்டுமே தொட வேண்டும். கோப்பு, படம், நெட்வொர்க் எல்லாம் பின்னணித் திரெட்டின் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டைத் தாண்ட ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும்: இங்கிருந்து அங்கே ஒரு குறி, அங்கிருந்து இங்கே ஒரு செய்திப் பெட்டி.

முதன்மைத் திரெட் ஓயாமல் ஒரு லூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுட்டி நகர்ந்ததா, பொத்தான் அழுந்தியதா, சாளரத்தை மீண்டும் வரைய வேண்டுமா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கிறது. அந்த லூப்பை ஐந்து வினாடி தடுத்தால் விண்டோஸ் உங்கள் சாளரத்தைச் செத்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். என் முதல் பதிப்பின் வெளுப்பு இங்கிருந்து வந்தது: நிறுத்து பொத்தானின் செயற்கூற்றுக்குள் ஜாயின் என்று எழுதி, பின்னணித் திரெட் முடியும் வரை காத்திருந்தேன்.

வெளுப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. நான் செய்த இன்னொரு தவறும் சேர்ந்து அதை முழு முட்டுக்கட்டையாக்கியது. பின்னணித் திரெட் நேரடியாக முன்னேற்றப் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தது. டிகின்டர் அப்படிப்பட்ட அழைப்பை முதன்மைத் திரெட்டின் லூப்புக்கு அனுப்பி, பதிலுக்காக நிற்கும். முதன்மைத் திரெட்டோ ஜாயினில் பின்னணித் திரெட்டுக்காக நிற்கிறது. ‘நீங்கள் முதலில்’, ‘இல்லை, நீங்கள் முதலில்’ என்று இருவரும் வாசலிலேயே நிற்கிறார்கள். கணினியை அணைக்கும் வரை.

படி 2: நிறுத்தக் குறியை உருவாக்குங்கள்

பைத்தானில் இதற்குத் திரெடிங்.ஈவென்ட் இருக்கிறது. அது ஒரு கொடி மாதிரி: தொடக்கத்தில் தாழ்ந்திருக்கும், செட் என்றால் உயரும், இஸ்_செட் என்று கேட்டால் உயர்ந்திருக்கிறதா என்று சொல்லும், வெயிட் என்றால் உயரும் வரை, அல்லது நீங்கள் கொடுத்த வினாடிகள் தீரும் வரை காத்திருக்கும்.

சாதாரண மெய்-பொய் மாறி ஒன்று போதாதா என்று கேட்கலாம். வழக்கமான பைத்தானில் அது பெரும்பாலும் வேலை செய்யும். ஜாவாவில் வாலடைல் என்று அறிவிக்காத மாறியை இப்படிப் பயன்படுத்தினால், ‘இந்த லூப்புக்குள் யாரும் இதை மாற்றவில்லையே’ என்று கம்பைலர் முடிவுகட்டி, மாறியை ஒரே ஒரு முறை படித்துவிட்டு, லூப்பை முடிவில்லாததாக ஆக்கிவிட இடமுண்டு. பைத்தானிலும் ஈவென்ட்டையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் படி 4இல் அதன் வெயிட் நமக்கு வேண்டும்.

இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. பல எடுத்துக்காட்டு நிரல்களில் நிறுத்தக் குறி ஒன்றையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கிளியர் செய்து தாழ்த்துவார்கள். பயனர் நிறுத்து என்பதை அழுத்துகிறார், கொடி உயர்கிறது. பின்னணித் திரெட் ஒரு பெரிய படத்தின் நடுவில் இருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை. பயனர் பொறுமையில்லாமல் தொடங்கு என்பதை அழுத்துகிறார், கொடி தாழ்கிறது, புதிய திரெட் ஓடத் தொடங்குகிறது. இப்போது பழைய திரெட் படத்தை முடித்துவிட்டுக் கொடியைப் பார்க்கிறது. தாழ்ந்திருக்கிறது. ‘சரி, தொடரலாம்’ என்று அதுவும் ஓடுகிறது. ஒரே கோப்புறையில் இரண்டு திரெட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டு.

தீர்வு எளிது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிய கொடி. தொடங்கும்போது புதிய ஈவென்ட் ஒன்றை உருவாக்கி, அதைத் திரெட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். கிளியர் என்ற சொல் உங்கள் நிரலில் எங்குமே வரக் கூடாது. கூடவே ஓர் ஓட்ட எண்ணும் கொடுங்கள். அதன் பயன் படி 6இல் தெரியும்.

படி 3: கொடியை எங்கே பார்ப்பது?

இது வேலையின் தன்மையைப் பொறுத்தது. என் நிரலில் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் இயல்பான நிறுத்தம். பயனர் அழுத்தியபின் அதிகபட்சம் ஒரு படத்தின் நேரம் காத்திருக்க வேண்டும். யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு அவர் வீடியோக்களையும் பிரதி எடுக்கச் சொன்னார். நாலு ஜிபி கோப்பு ஒன்றை பைத்தானின் ஷுட்டில் தொகுப்பில் உள்ள காப்பிஃபைல் மூலம் ஒரே அழைப்பில் பிரதி எடுத்தால் நடுவில் கொடியைப் பார்க்க வாய்ப்பே இல்லை. அதைக் கைவிட்டு, ஒரு எம்பி ஒரு எம்பியாகப் படித்து எழுதும் லூப்பை நானே எழுதினேன். நாலு ஜிபிக்கு 4096 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கொடியைப் பார்க்கிறோம். அந்தப் பார்வைக்கு ஆகும் செலவு, ஒரு எம்பி எழுதும் செலவுக்கு முன்னால் தூசு.

அதற்காக வரிக்கு வரி பார்க்கத் தேவையில்லை, கூடவும் கூடாது. தரவுத்தளத்தில் ஒரு கணக்கிலிருந்து கழித்து இன்னொன்றில் சேர்ப்பதற்கு நடுவே கொடியைப் பார்த்து வெளியேறினால், கொல்லப்பட்ட திரெட்டுக்கும் உங்கள் திரெட்டுக்கும் வேறுபாடு இல்லை. ‘இந்த இடத்தில் நின்றால் எதுவும் கெடாது’ என்று நீங்கள் உறுதி சொல்லக்கூடிய இடத்தில் மட்டும் பாருங்கள்.

படி 4: காத்திருக்கும் திரெட்டை எழுப்புவது

மொத்தத்தில் கடினமான படி இதுதான். கொடியை உயர்த்தினால் போதாது. திரெட் விழித்திருந்தால்தானே பார்க்கும்? எங்கே தூங்குகிறது என்பதைப் பொறுத்து எழுப்பும் முறை மாறும்.

டைம்.ஸ்லீப் முப்பது வினாடி என்று எழுதியிருந்தால், நிற்க முப்பது வினாடி ஆகலாம். அதற்குப் பதிலாகக் கொடியின் வெயிட்டுக்கு முப்பது கொடுங்கள். சாதாரணமாக அதுவும் முப்பது வினாடி தூங்கும். நடுவில் கொடி உயர்ந்தால் உடனே எழுந்து மெய் என்று சொல்லும். என் நிரல்களில் பின்னணித் திரெட்டுக்குள் ஸ்லீப் என்ற சொல்லைக் கண்டாலே அழித்துவிடுகிறேன்.

வேலைகளை ஒரு வரிசையிலிருந்து எடுக்கும் திரெட் என்றால், வரிசை காலியாக இருக்கும்போது கெட் என்ற அழைப்பில் தூங்கும். கொடியை உயர்த்திவிட்டு, வரிசையில் ‘இனி ஒன்றும் இல்லை’ என்று பொருள்படும் ஒரு தனி அடையாளத்தைப் போட்டுவிடுங்கள். பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்பதைக் குறிக்கும் நன் (None) என்ற மதிப்பே போதும். எழுந்து எடுத்துப் பார்த்து வெளியேறும். ஒரே வரிசையில் நான்கு திரெட்டுகள் இருந்தால் நான்கு அடையாளம் போட வேண்டும் என்பதை மறப்பது எளிது.

நெட்வொர்க் சாக்கெட்டுக்கு நேர வரம்பு கட்டாயம். இரண்டு வினாடி என்று வைத்தால், இரண்டு வினாடிக்கு ஒரு முறை எழுந்து கொடியைப் பார்த்துவிட்டு மீண்டும் காத்திருக்கும். ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் கொடுக்கும் நேர வரம்பு முழுப் பதிவிறக்கத்துக்கும் அல்ல, பைட்டு எதுவும் வராமல் இருக்கும் இடைவெளிக்கு மட்டுமே. சொட்டுச் சொட்டாக அனுப்பும் சர்வரிடம் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளலாம். ஸ்ட்ரீம் முறையில் துண்டு துண்டாக வாங்கி, துண்டுக்கு ஒரு முறை கொடியைப் பாருங்கள்.

எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் நீண்ட தேடல் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கென்றே இன்டரப்ட் என்ற செயற்கூறு இருக்கிறது; வேறு திரெட்டிலிருந்து அழைப்பதற்காகவே செய்யப்பட்டது. ஓடும் தேடல் ஒரு பிழையோடு முறியும். அந்தப் பிழையைப் பிடித்து, கொடி உயர்ந்திருந்தால் ‘நிறுத்தப்பட்டது’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளி நிரல் ஒன்றை, எடுத்துக்காட்டாக வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கை, ஓட்டிக் காத்திருக்கும் திரெட் என்றால் சப்பிராசஸ் தொகுப்பின் ரன் வேண்டாம், போபென் பயன்படுத்துங்கள். அது முடிந்ததா என்று போல் மூலம் அவ்வப்போது பார்த்துக்கொண்டு, இடையில் கொடியின் வெயிட்டில் கால் வினாடி நில்லுங்கள். கொடி உயர்ந்தால் டெர்மினேட்; சில வினாடி பொறுத்தும் சாகவில்லை என்றால் கில். லினக்ஸில் முதலாவது சிக்டெர்ம் (SIGTERM) என்ற சைகையை அனுப்பி மரியாதையாகக் கேட்கும், இரண்டாவது கேட்காமலே கொல்லும் சிக்கில் (SIGKILL) சைகையை அனுப்பும். விண்டோஸில் இரண்டும் ஒன்றுதான், மரியாதை கிடையாது.

எதற்கும் மசியாத வேலையும் உண்டு: யாரோ எழுதிய சி நூலகம், ஒரே அழைப்பில் பத்து நிமிடம் ஓடும், நடுவில் கேட்க வழியே இல்லை. அதைத் திரெட்டில் ஓட்டாதீர்கள். மல்டிபிராசஸிங் மூலம் தனிப் பிராசஸில், அதாவது தனி நினைவகத்தோடு ஓடும் தனி நிரலாக, ஓட்டுங்கள். பிராசஸைக் கொல்வது திரெட்டைக் கொல்வது போன்றதல்ல. அதன் நினைவகத்தையும் திறந்த கோப்புகளையும் இயங்குதளம் மீட்டுக்கொள்ளும். உங்கள் சாளரத்தின் வீடு தனியாகப் பத்திரமாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரு வரிசையைப் பகிர்ந்துகொண்டிருந்தால், கொல்லும் நேரத்தில் அந்த வரிசை கெட்டுப்போகலாம் என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது. அந்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்.

படி 5: அரைகுறைக் கோப்பு மிச்சமிருக்கக் கூடாது

சாம்பல் நிற மாலை நினைவிருக்கிறதா? திரெட் எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரல் முடிந்துவிட்டது. ஜேபெக் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் பாதிப் படமும் திறக்கிறது. திறப்பதால்தான் யாரும் கவனிக்கவில்லை.

வழி: இறுதிப் பெயரில் ஒருபோதும் நேரடியாக எழுதாதீர்கள். அதே கோப்புறையில் வேறு பெயரில் எழுதி, மூடி, எல்லாம் சரியாக முடிந்தபின் ஓஎஸ்.ரீபிளேஸ் மூலம் பெயரை மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே அசைவில் நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்று முழுப் படம் இருக்கும், அல்லது படமே இருக்காது. ‘அதே கோப்புறையில்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். தற்காலிகக் கோப்பு வேறு டிரைவில் இருந்தால் ரீபிளேஸ் தோற்கும். படங்களைச் சுருக்க நான் பயன்படுத்தும் பில்லோ நூலகம் கோப்பின் பின்னொட்டைப் பார்த்துத்தான் வடிவத்தை ஊகிக்கும். தற்காலிகப் பெயருக்கு வேறு பின்னொட்டு வைத்தால் சேவ் அழைப்பில் ஜேபெக் என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். இதில் நான் அரை மணி நேரம் தொலைத்தேன்.

நடுவில் வெளியேறினால் தற்காலிகக் கோப்பை அழிக்கும் பொறுப்பு ஃபைனலி பகுதிக்கு.

படி 6: நின்றேன் என்று சொல்லவும் வேண்டும்

பின்னணித் திரெட் தன் செய்திகளை ஒரு கியூவில் (படி 1இல் சொன்ன செய்திப் பெட்டி இதுதான்) போடுகிறது. முதன்மைத் திரெட் டிகின்டரின் ஆஃப்டர் மூலம் நூறு மில்லி வினாடிக்கு ஒரு முறை கியூவைத் திறந்து பார்க்கிறது. இருப்பதை எடுத்துத் திரையில் காட்டிவிட்டு மீண்டும் ஆஃப்டர் சொல்கிறது. ஒரு முறைக்கு ஐம்பது செய்திக்கு மேல் எடுக்காதீர்கள்; வேகமாக வரும் செய்திகளை எடுத்து முடிப்பதற்குள் சாளரம் திணறிவிடும்.

பின்னணித் திரெட்டின் எலும்புக்கூடு இப்படி இருக்கும். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பைத்தானுக்கு மாற்றுவது உங்கள் வேலை.

    வேலை(படங்கள், கொடி, பெட்டி, ஓட்ட_எண்):
        முடிவு = "முடிந்தது"
        முயல்:
            ஒவ்வொரு படத்துக்கும்:
                கொடி உயர்ந்திருந்தால்:
                    முடிவு = "நிறுத்தப்பட்டது"
                    லூப்பை விட்டு வெளியேறு
                படத்தைச் சுருக்கித் தற்காலிகப் பெயரில் எழுது
                இறுதிப் பெயருக்கு மாற்று
                பெட்டியில் போடு (ஓட்ட_எண், "ஒன்று ஆயிற்று", படம்)
        பிழை எழுந்தால்:
            முடிவு = "பிழை"
        எப்படி முடிந்தாலும்:
            தற்காலிகக் கோப்பு மிச்சமிருந்தால் அழி
            பெட்டியில் போடு (ஓட்ட_எண், முடிவு)

கடைசி வரிதான் இதன் உயிர். எந்த வழியில் வெளியேறினாலும் ஒரே ஒரு இறுதிச் செய்தி, கட்டாயம் வர வேண்டும். அது வராமல் போனால் சாளரம் ‘நிறுத்தப்படுகிறது…’ என்று முடிவில்லாமல் காத்திருக்கும். அழிக்கும் வரியே பிழை எழுப்பினால் கடைசி வரி ஓடாது என்பதால், அதைத் தனி முயல் பகுதிக்குள் வையுங்கள்.

முடிவு மூன்று வகை என்பதையும் கவனியுங்கள். பயனர் அழுத்திய கணத்தில் கடைசிப் படமும் முடிந்திருக்கலாம். அப்போது ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்டுவது பொய். சாளரம் ஊகிக்கக் கூடாது. திரெட் சொன்னதைக் காட்ட வேண்டும். ஓட்ட எண் எதற்கு என்றால், பழைய ஓட்டத்தின் செய்தி ஏதாவது கியூவில் மிச்சமிருந்து புதிய ஓட்டத்தின் முன்னேற்றப் பட்டையைக் குதிக்க வைக்காமல் இருக்க. எண் பொருந்தாததைப் பேசாமல் எறிந்துவிடலாம்.

படி 7: பொத்தானுக்கு மூன்று நிலை

‘சும்மா இருக்கிறது’, ‘ஓடுகிறது’ என்று இரண்டே நிலை வைத்திருந்ததுதான் என் ஆதித் தவறு. நடுவில் ‘நிறுத்தப்படுகிறது, இன்னும் நிற்கவில்லை’ என்ற நிலை உண்டு.

நிறுத்து பொத்தானை அழுத்தியதும் நடக்க வேண்டியவை இவ்வளவுதான்: கொடியை உயர்த்து, தூங்கும் இடம் ஏதாவது இருந்தால் எழுப்பு, பொத்தானை முடக்கி, அதன் எழுத்தை ‘நிறுத்தப்படுகிறது…’ என்று மாற்று, திரும்பிவிடு. ஜாயின் கூடாது. லூப் போட்டு அப்டேட் அழைப்பதும் கூடாது. தொடங்கு பொத்தான் இன்னும் முடங்கியே இருக்கும்.

இறுதிச் செய்தி வந்து சேர்ந்த பிறகு ஜாயின் அழைக்கலாம். திரெட் ஏற்கெனவே வாசல் வரை வந்துவிட்டதால் அது கணத்தில் திரும்பும். அப்போதுதான் தொடங்கு பொத்தானுக்கு உயிர் கொடுங்கள்.

இடைநிறுத்தும் வசதி வேண்டுமென்றால் இரண்டாவது கொடி ஒன்று: ‘போகலாம்’ கொடி. திரெட் ஒவ்வொரு படத்துக்கும் முன் அது உயரும் வரை காத்திருக்கும். நிறுத்தும்போது இரண்டு கொடிகளையும் உயர்த்த வேண்டும். இல்லையென்றால் இடைநிறுத்திய வேலையை நிறுத்தவே முடியாது.

படி 8: எக்ஸ் பொத்தான்

பயனர்கள் நிறுத்து என்பதை அழுத்துவதைவிட மூலையில் உள்ள எக்ஸை அழுத்துவதே அதிகம். டிகின்டரில் சாளரத்தின் புரோட்டோகால் செயற்கூற்றில் ‘டபிள்யூஎம்_டிலீட்_விண்டோ’ என்ற பெயருக்கு உங்கள் செயற்கூற்றை இணைத்துவிட்டால் எக்ஸ் உங்களைக் கேட்டுத்தான் மூடும்.

அங்கே செய்ய வேண்டியது: திரெட் ஓடவில்லை என்றால் உடனே டிஸ்ட்ராய். ஓடுகிறது என்றால் கொடியை உயர்த்தி, ‘மூட வேண்டும்’ என்று ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். இறுதிச் செய்தி வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து டிஸ்ட்ராய் செய்யலாம். மூடும் முன் காத்திருக்கும் ஆஃப்டரை ஆஃப்டர்_கேன்சல் மூலம் நீக்குங்கள். இல்லாவிட்டால் இல்லாத சாளரத்தைத் தேடிப் பிழை வரும்.

டீமன் திரெட் என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். டீமன் இல்லாத திரெட் முடியும் வரை பைத்தான் நிரல் முடியாது. என் இரண்டாம் பதிப்பு டாஸ்க் மேனேஜரில் உட்கார்ந்திருந்தது அதனால்தான். அதைக் கண்டு பயந்து மூன்றாம் பதிப்பில் டீமனாக மாற்றினேன். சாம்பல் மாலை வந்தது. நிரல் மூடும்போது டீமன் திரெட் அப்படியே அறுபடும், ஃபைனலி ஓடும் என்ற உறுதி இல்லை. முதல் தீர்வாக அதை வைக்காதீர்கள். ஐந்து வினாடி ஆகியும் இறுதிச் செய்தி வரவில்லை என்றால் பயனரிடம் கேளுங்கள்: ‘வேலை இன்னும் நிற்கவில்லை. காத்திருக்கவா, இப்போதே மூடவா?’ முடிவு அவருடையது.

மற்ற மொழிக்காரர்களுக்கு

சாளர நிரல்கள் எழுத உதவும் கியூட்டியில் (Qt) 5.2 பதிப்பிலிருந்தே ரிக்வெஸ்ட்இன்டரப்ஷன் என்ற ஆயத்தக் கொடி உண்டு. குவிட் என்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. அது திரெட்டின் ஈவென்ட் லூப்பை மட்டும்தான் முடிக்கும், உங்கள் ஃபார் லூப்பை அல்ல. அதைப் போலவே, பின்னணித் திரெட்டுக்கு நகர்த்திய பொருளில் ‘நில்’ என்று ஒரு ஸ்லாட் எழுதி, பொத்தானின் சிக்னலை அதனோடு இணைப்பார்கள். அந்த ஸ்லாட் பின்னணித் திரெட்டின் வரிசையில் போய் உட்காரும். திரெட்டோ வேலை லூப்பில் இருக்கிறது. வேலை முழுவதும் முடிந்தபின்தான் ‘நில்’ ஓடும். ஓடும் திரெட்டின் பொருளை அழித்தால் ‘திரெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழிக்கப்பட்டது’ என்ற செய்தியோடு நிரல் விழும்.

டாட்நெட்டில் 2010இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து கேன்சலேஷன்டோக்கன் இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிய சோர்ஸ் என்பதை அதன் வடிவமைப்பே வற்புறுத்துகிறது. ஒரு முறை உயர்த்திய கொடியைத் தாழ்த்த முடியாது. எனக்குப் பிடித்த வடிவமைப்பு. டாஸ்க்கின் வெயிட்டையோ ரிசல்ட்டையோ சாளரத் திரெட்டில் அழைக்காதீர்கள். அது நம் ஜாயின் கதையேதான்.

ஜாவாவில் இன்டரப்ட் தூங்கும் திரெட்டையும் எழுப்பும். ஆனால் இன்டரப்டட்எக்செப்ஷன் எழும்போது கொடி தாழ்ந்துவிடும். அதைப் பிடித்து வெறுமனே விழுங்கினால் நிறுத்தக் கோரிக்கையே காணாமல் போகும். பிடித்த இடத்தில் வெளியேற முடியவில்லை என்றால் கொடியை மீண்டும் உயர்த்துங்கள். ஸ்விங்வொர்க்கரில் கேன்சல் செய்தால், பின்னணி வேலை உண்மையில் முடியும் முன்பே டன் அழைக்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சி++20இல் ஜேதிரெட் தன் டிஸ்ட்ரக்டரில் தானாகவே நிற்கச் சொல்லிக் காத்திருக்கும். வசதிதான். அந்தக் காத்திருப்பு உங்கள் சாளரத் திரெட்டில் நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 9: வேண்டுமென்றே தொல்லை கொடுத்துச் சோதியுங்கள்

வேகமான கணினியில் இந்தப் பிழைகள் ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வினாடி செயற்கைத் தாமதம் ஒன்றைச் சேர்த்துவிட்டு, பொறுமையில்லாத பயனராக மாறுங்கள். தொடங்கிய அடுத்த கணமே நிறுத்துங்கள். நிறுத்து என்பதை நாலு முறை குத்துங்கள். நிற்கும்போதே எக்ஸை அழுத்துங்கள். சேமிக்கும் கோப்புறை பென்டிரைவில் இருக்கட்டும். நடுவில் பிடுங்குங்கள்: ‘பிழை’ என்ற இறுதிச் செய்தி வருகிறதா?

எங்காவது உறைந்தால் ஊகிக்க வேண்டாம். ஃபால்ட்ஹேண்ட்லர் தொகுப்பின் டம்ப்_டிரேஸ்பேக்_லேட்டர் என்பதைப் பத்து வினாடிக்கு வைத்தால், பத்து வினாடி கழித்து எல்லாத் திரெட்டுகளும் எந்த வரியில் நிற்கின்றன என்று அச்சிட்டுக் காட்டும். ஒன்று ஜாயினிலும் மற்றொன்று டிகின்டருக்குள்ளும் நிற்பதைப் பார்த்தால் நோய் என்னவென்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கடைசியாக, தொடங்கி நிறுத்துவதை ஐம்பது முறை தானாகச் செய்யும் ஒரு சிறு செயற்கூறு எழுதி ஓட்டிவிட்டு, திரெடிங்.எனுமரேட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பட்டியலில் ‘மெயின்திரெட்’ என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். சேரும் கோப்புறையில் தற்காலிகப் பெயரில் ஒரு கோப்பும் இருக்கக் கூடாது.